டேப்லெட்டில் படிவம் சிக்கிக்கொண்டால்: களப்பணியாளர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வீடு வீடாக விவரம் சேகரிக்கும் செயலியில் படிவம் திறக்கவில்லை, அனுப்ப முடியவில்லை, செயலி உறைந்து நிற்கிறது. காரணம் எதுவாக இருந்தாலும் முதலில் செய்யக் கூடாதவை மூன்று இருக்கின்றன. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவக் கூடாது. அமைப்புகளுக்குள் போய் ‘கிளியர் டேட்டா’ அல்லது ‘கிளியர் ஸ்டோரேஜ்’ என்பதைத் தொடக் கூடாது. டேப்லெட்டை ஃபேக்டரி ரீசெட் செய்யக் கூடாது.

கைப்பேசி தகராறு செய்கிறது என்று யாரிடம் சொன்னாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் உடனே சொல்வார்கள். மற்றச் செயலிகளுக்கு அது சரியாகவும் இருக்கும். விவரம் சேகரிக்கும் செயலியின் கதை வேறு. இன்னும் அனுப்பாத படிவங்கள் அந்தச் செயலிக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் இருக்கின்றன. செயலி போனால் அவையும் போய்விடும். ஒரு பெண்மணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, கடன் எவ்வளவு, கணவர் எந்த ஊருக்கு வேலைக்குப் போகிறார், குழந்தையின் எடை என்ன என்று முக்கால் மணி நேரம் பொறுமையாகச் சொன்ன பதில்கள் அவை. அவற்றை இழந்துவிட்டு மறுநாள் அதே வாசலில் நின்று, ‘அக்கா, முதலிலிருந்து சொல்லுங்கள்’ என்று கேட்பது நியாயமே இல்லை.

‘கிளியர் கேஷ்’ மட்டும் ஆபத்தில்லாதது. அது தற்காலிகக் கோப்புகளைத்தான் அழிக்கும். ஆனால் பல டேப்லெட்டுகளில் அதற்குப் பக்கத்திலேயே ‘கிளியர் டேட்டா’வும் இருப்பதால் விரல் தவறக்கூடும். அவசியம் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பழைய களப்பணியாளர்கள் சிலர், ‘நாங்கள் நீக்கிவிட்டு நிறுவியிருக்கிறோமே, ஒன்றும் போகவில்லையே’ என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். முன்பு ஓடிகே கலெக்ட் போன்ற கணக்கெடுப்புச் செயலிகள் டேப்லெட்டின் பொது நினைவகத்தில் தனி ஃபோல்டர் வைத்து அதில் படிவங்களைச் சேமித்தன. செயலியை நீக்கினாலும் ஃபோல்டர் தங்கிவிடும். ஆண்ட்ராய்டு 11 வந்தபோது சேமிப்பக விதிகள் இறுகின. இப்போது செயலியை நீக்கினால் அதன் கோப்புகளும் கூடவே அழிந்துவிடும். அந்தக் காலத்து அறிவுரையை இன்று பின்பற்றினால் நஷ்டம்தான்.

இங்கே நான் எழுதுவது பெரும்பாலும் ஓடிகே கலெக்ட், அதிலிருந்து கிளைத்த கோபோ கலெக்ட் ஆகியவற்றை வைத்துத்தான். கல்லூரி ஆய்வுகளிலும் தொண்டு நிறுவனங்களின் கணக்கெடுப்புகளிலும் இவை அதிகம் புழங்குகின்றன. அரசுத் திட்டங்களின் செயலிகளில் பட்டன்களின் பெயர் வேறாக இருக்கும். கோளாறுகளின் குணம் பெரும்பாலும் ஒன்றுதான். இந்தியாவின் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கைப்பேசிச் செயலி வழியாக நடப்பதால், இந்தச் சிக்கல்கள் இனி இன்னும் பலர் கைக்கு வரும்.

“நான் அனுப்பிவிட்டேன், ஆனால் அலுவலகத்தில் வரவில்லை என்கிறார்கள்”

அதிகம் கேட்கும் புகார் இது. களத்தில் இருப்பவருக்கும் அலுவலகத்தில் இருப்பவருக்கும் இடையே மனக்கசப்பை உண்டாக்குவதும் இதுதான். பெரும்பாலும் இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். சேமிப்பது, முடிப்பது, அனுப்புவது என்ற மூன்றும் தனித்தனி வேலைகள் என்பதை யாரும் விளக்கிச் சொல்லாததால் வரும் குழப்பம் அது.

செயலியின் முகப்பைத் திறந்து பாருங்கள். ‘டிராஃப்ட்ஸ்’ என்ற பட்டியலில் இருப்பவை பாதியில் சேமித்த படிவங்கள். அவற்றைச் செயலி தானாக அனுப்பவே அனுப்பாது. ‘ரெடி டு சென்ட்’ என்பதில் இருப்பவை முடித்த படிவங்கள். இணையம் கிடைத்ததும் போகக் காத்திருக்கின்றன. மூன்றாவது பட்டியலில் இருப்பவை மட்டுமே சர்வருக்குப் போய்ச் சேர்ந்தவை. பழைய பதிப்புகளில் இந்தப் பெயர்கள் வேறு, பிரிவுகள் இவைதான்.

எனவே முதலில் எந்தப் பட்டியலில் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். ‘டிராஃப்ட்ஸ்’ பட்டியலில் இருந்தால் படிவத்தைத் திறந்து கடைசிப் பக்கம் வரை போய் ‘ஃபைனலைஸ்’ கொடுங்கள். கட்டாயக் கேள்வி ஏதாவது விடுபட்டிருந்தால் செயலியே அங்கே கொண்டுபோய் நிறுத்தும். ‘ஃபைனலைஸ்’ கொடுக்கும் முன் ஒருமுறை பதில்களை மேலோட்டமாகப் பார்த்துக்கொள்வது நல்லது. முடித்த படிவத்தைத் திருத்த முடியாதபடி பல பதிப்புகள் பூட்டிவிடும்.

‘ரெடி டு சென்ட்’ பட்டியலில் தேங்கியிருந்தால் தானாக அனுப்பும் வசதியைப் பாருங்கள். அமைப்புகளில் ‘ஆட்டோ சென்ட்’ என்பது ‘வைஃபை மட்டும்’ என்று இருந்தால், சிம் இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் படிவம் நகராது. இதை மாற்ற அனுமதி இல்லையென்றால் கையால் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பின்னணிச் செயலிகளை முடக்கும் டேப்லெட்டுகளும் உண்டு. அவற்றில் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு அனுப்புவதே உத்தமம்.

இன்னொரு பயமும் பலருக்கு இருக்கிறது: ‘இரண்டு முறை அனுப்பினால் ஒரே வீடு இரண்டு முறை பதிவாகிவிடாதா?’ பதிவாகாது. ஒவ்வொரு படிவத்துக்கும் செயலி ஒரு தனி அடையாள எண்ணைத் தருகிறது. அதே படிவம் மறுபடி வந்தால் சர்வர் அடையாளம் கண்டுகொள்ளும். தயங்காமல் மீண்டும் அனுப்புங்கள். இரட்டைப் பதிவு வருவது வேறு வழியில்: போகவில்லை என்று நினைத்து அதே குடும்பத்துக்குப் புதிய படிவத்தைத் திறந்து முதலிலிருந்து நிரப்பும்போது. அதற்குப் புதிய எண் கிடைத்துவிடும். அது வேறு குடும்பம் என்றே சர்வர் எடுத்துக்கொள்ளும்.

“அனுப்பும் பட்டனை அழுத்தினால் பிழைச் செய்தி வருகிறது”

முதலில் டேப்லெட்டின் தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், இணையம் நன்றாக இருந்தும் அனுப்ப முடியாததற்கு இது முக்கியமான காரணம். ஒரு கட்ட ஆய்வு முடிந்து பீரோவில் வைத்த டேப்லெட்டின் பேட்டரி முழுதாகத் தீர்ந்துவிட்டால் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விடக்கூடும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஒரு காலவரம்பு உண்டு. டேப்லெட்டின் கணக்கில் அது தொடங்கும் தேதி இன்னும் வரவேயில்லை என்பதால் இணைப்பை மறுத்துவிடும். அமைப்புகளில் தேதியும் நேரமும் தானாக அமையும்படி வைத்தால் சரியாகிவிடும். தவறான தேதியுடன் ஏற்கெனவே நிரப்பிய படிவங்களில் பேட்டி தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் தவறாகவே பதிந்திருக்கும். அதை மறைக்காமல் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் தரவைச் சரிபார்ப்பவர் உங்கள் நேர்மையைச் சந்தேகப்பட இடம் கொடுக்க வேண்டாம்.

தேதி சரியென்றால் அடுத்து சர்வர் முகவரி. புதிதாக அமைத்த டேப்லெட்டில்தான் இது வரும். கோபோவின் குளோபல் சர்வரில் படிவத்தை வடிவமைக்கும் தளத்தின் முகவரி ‘கேஎஃப்’ என்று தொடங்கும். டேப்லெட்டில் இட வேண்டியது ‘கேசி’ என்று தொடங்குவது. ஒரே எழுத்துதான் வித்தியாசம். கையால் தட்டச்சு செய்வதைவிட அலுவலகம் தரும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்வது பாதுகாப்பானது.

சின்னப் படிவங்கள் போய்விடுகின்றன, படம் உள்ளவை மட்டும் நிற்கின்றன என்றால் படத்தின் அளவே காரணம். இன்றைய கேமராக்கள் ஒரு படத்தைப் பல எம்பி அளவில் எடுக்கின்றன. ஒரு வீட்டுக்கு நான்கு படம் என்றால் சிக்னல் ஒரு கோடாக இருக்கும் மலைக்கிராமத்தில் அது போய்ச் சேராது. அமைப்புகளில் படிவ நிர்வாகப் பகுதியில் ‘இமேஜ் சைஸ்’ என்பதை நடுத்தரமாகவோ சிறியதாகவோ வைக்கலாம். இது இனி எடுக்கும் படங்களுக்கே பொருந்தும். ஏற்கெனவே எடுத்தவற்றை மாலையில் நல்ல வைஃபை உள்ள இடத்துக்குக் கொண்டுவந்து அனுப்புங்கள். மொத்தமாகத் தேர்ந்தெடுக்காமல் ஒவ்வொன்றாக அனுப்பினால், நடுவில் அறுந்தாலும் எது போனது, எது நின்றது என்று தெளிவாகத் தெரியும்.

படிவம் மூடப்பட்டுவிட்டது என்றோ அப்படி ஒரு படிவமே இல்லை என்றோ செய்தி வந்தால் உங்கள் டேப்லெட்டில் கோளாறு இல்லை. அலுவலகத்தில் யாரோ ஆய்வை முடித்து மூடியிருக்கிறார்கள். செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, சிறிது நேரம் திறந்துவிடும்படி கேளுங்கள். படிவங்களை அழித்துவிடாதீர்கள்.

“அடுத்த கேள்விக்குப் போக மறுக்கிறது”

செயலி வீம்பு பிடிப்பதாகத் தோன்றும் இந்த இடத்தில் பெரும்பாலும் படிவத்தை வடிவமைத்தவரின் தவறே இருக்கும். கைப்பேசி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது இலக்கம் ஏறுகிறது. பத்தாவதை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. களப்பணியாளர் கீபோர்டில் கோளாறு என்று நினைத்து டேப்லெட்டை அணைத்துப் போடுகிறார். உண்மையில் அந்தக் கேள்வி முழு எண் வகையில் அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த வகை ஒன்பது இலக்கத்துக்கு மேல் வாங்காது. வடிவமைப்பவர் அதை எழுத்து வகையாக மாற்றி, எண் கீபோர்டு மட்டும் தோன்றும்படி அமைக்க வேண்டும். திருத்தம் வரும் வரை எண்ணைக் குறிப்பு எழுதும் இடத்தில் முழுதாக எழுதுங்கள். ஒரு இலக்கத்தை விட்டுவிட்டு ஒப்பேற்றினால் அந்த எண்ணால் யாருக்கும் பயன் இல்லை.

நில அளவு இன்னொரு கண்ணி. முழு எண் வகைக் கேள்வியில் புள்ளியே விழாது. இரண்டரை ஏக்கரை இட முடியாது. இதையாவது கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்க முடியாத பிழை ஒன்று உண்டு. ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட். இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் என்றால் 2.40. இரண்டு ஏக்கர் நான்கு சென்ட் என்றால் 2.04. வேகத்தில் இதை 2.4 என்று இட்டால் செயலி சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அந்த விவசாயிக்கு 36 சென்ட் நிலம் கூடிவிடும். ஏக்கருக்கு ஒரு கட்டம், சென்ட்டுக்கு ஒரு கட்டம் என்று படிவத்தைப் பிரிக்கும்படி வற்புறுத்துங்கள். மா, குழி என்று சொல்லும் ஊர்களில் அந்த ஊர்க் கணக்கில் ஒரு மா எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகே மாற்றுங்கள். ஊருக்கு ஊர் அது மாறும்.

பிறந்த தேதியில் நேரம் விரயமாவதையும் பார்க்கலாம். காலண்டர் இந்த மாதத்தில் திறக்கிறது. அறுபது வயதுக்காரரின் பிறந்த மாதத்துக்குப் போக ஒவ்வொரு மாதமாகத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். காலண்டரின் தலைப்பில் தெரியும் வருடத்தின் மேல் விரலை வைத்தால் வருடங்களின் பட்டியல் விரியும். அதில் வருடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாதத்துக்கு வாருங்கள்.

ஆனால் பிறந்த தேதியே தெரியாதவர்களிடம் இந்தக் காலண்டர் உதவாது. ‘தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது நான் கைக்குழந்தை’ என்று ராமநாதபுரம் பக்கத்துப் பாட்டி சொன்னால் அது 1964 டிசம்பர். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர், சுனாமி 2004 டிசம்பர். இப்படி ஒரு சிறு பட்டியலைத் தாளில் எழுதி டேப்லெட் உறைக்குள் வைத்துக்கொண்டால் வயதை ஓரளவு நெருங்கிவிடலாம். வருடம் மட்டும் தெரிந்தால் தேதியையும் மாதத்தையும் எப்படி நிரப்புவது என்பதற்கு உங்கள் ஆய்வில் ஒரே விதி இருக்க வேண்டும். ஆளுக்கொரு தேதியைக் கற்பனை செய்து இடுவது தரவைப் பொய்யாக்கும்.

மின்னஞ்சலையோ அடையாள எண்ணையோ சரியாக இட்டும் தவறு என்று காட்டினால், கர்சரைக் கடைசி எழுத்துக்குப் பின்னால் வைத்து ஒருமுறை அழிக்கும் பட்டனைத் தட்டுங்கள். கீபோர்டு வார்த்தையைப் பரிந்துரைத்து நிரப்பும்போது பின்னால் ஒரு இடைவெளியைச் சேர்த்துவிடும். அது கண்ணுக்குத் தெரியாது, செயலிக்குத் தெரியும்.

“கொடுத்த பதில்கள் மறைந்துவிட்டன” அல்லது “பட்டியல் காலியாக வருகிறது”

முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போய் பதிலை மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ‘வீட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கிறதா?’ என்பதற்கு ‘ஆம்’ என்று சொல்லி, குழந்தையின் விவரம் எல்லாம் நிரப்பிவிட்டு, தெரியாமல் ‘இல்லை’ என்று விரல் பட்டுவிட்டால் அந்தப் பகுதி முழுவதும் மறைந்துவிடும். அந்த நிலையிலேயே படிவத்தை முடித்தால் அந்தப் பதில்கள் சர்வருக்குப் போகாது. முடிப்பதற்கு முன் கவனித்து ‘ஆம்’ என்று மாற்றினால் பெரும்பாலும் பழைய பதில்கள் திரும்பத் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றையும் பாருங்கள்.

கிராமப் பட்டியல் காலியாக வந்தால் மாவட்டமும் வட்டமும் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அவை சரியென்றால் படிவத்துடன் வர வேண்டிய பட்டியல் கோப்பு முழுதாக இறங்கவில்லை. இணையம் உள்ள இடத்தில் படிவத்தை மறுபடி பதிவிறக்கினால் போதும். மாவட்டங்கள் பிரிந்த பிறகு பட்டியலைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் இந்தத் தொல்லை வரும். தென்காசி 2019-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. பழைய பட்டியலில் சங்கரன்கோவிலைத் தென்காசிக்குக் கீழே தேடினால் கிடைக்காது.

“ஜிபிஎஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது”

ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை, வானம் தேவை. செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞை மிகவும் மெலிந்தது. கான்கிரீட் தளத்துக்கும் தகரக் கூரைக்கும் கீழே உட்கார்ந்தால் வராது. வாசலுக்கு, முடிந்தால் தெருவுக்கு வந்து, டேப்லெட்டின் முகம் வானத்தைப் பார்க்கும்படி அசையாமல் பிடியுங்கள்.

இணையம் இல்லாத ஊரில் காலையில் முதல் முறை மட்டும் நேரம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. தான் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற தகவலை ஒவ்வொரு செயற்கைக்கோளும் 30 விநாடிக்கு ஒருமுறை மெதுவாக அனுப்புகிறது. இணையம் இருந்தால் டேப்லெட் அதை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வானத்திலிருந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். நடுவில் ஒரு மரமோ ஆளோ மறைத்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஊருக்குள் நுழையும் முன் திறந்த வெளியில் ஏதாவது ஒரு வரைபடச் செயலியைத் திறந்து உங்கள் இடத்தைப் பிடிக்க வைத்துவிடுங்கள். பிறகு வீடுகளில் விரைவாக வரும்.

திரையில் தெரியும் துல்லியம் என்பது மீட்டர் கணக்கு. 5 மீட்டர் என்றால் நீங்கள் அந்த அளவு சுற்றுவட்டத்துக்குள் இருக்கிறீர்கள் என்று டேப்லெட் மதிப்பிடுகிறது. எண் குறையக் குறைய நல்லது. பல படிவங்கள் 5 மீட்டருக்கு வந்ததும் தானாகப் பதிந்துகொள்ளும். குறுகலான சந்தில் 12, 15-க்குக் கீழே இறங்காமல் நின்றால், உங்கள் ஆய்வு அனுமதிக்கும் வரம்புக்குள் இருக்கும்போது கையால் சேமித்துவிட்டு நகருங்கள். அதற்காக அடுத்த தெருவுக்குப் போய்ப் பதியாதீர்கள். துல்லியமான எண்ணுடன் தவறான வீடு பதிவாகிவிடும்.

பதிந்ததும் எண்களைப் பாருங்கள். தமிழ்நாடு அட்சரேகையில் 8 முதல் 13.6 வரைக்கும், தீர்க்கரேகையில் 76 முதல் 80.4 வரைக்கும் உட்பட்டது. இதற்கு வெளியே ஏதாவது எண் வந்தால், இரண்டும் இடம் மாறியிருந்தால், பூஜ்யமாக இருந்தால் மறுபடி எடுங்கள். எத்தனை முயன்றும் வரவில்லையென்றால் டேப்லெட்டின் மாதிரியை விசாரியுங்கள். சிம் போட முடியாத, வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டுகள் பலவற்றில் ஜிபிஎஸ் சிப்பே இருக்காது. வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

போன கட்டத்தில் நன்றாக வேலை செய்த டேப்லெட் இப்போது இடத்தையும் கேமராவையும் மறுக்கிறதா? பல மாதம் பயன்படுத்தாத செயலிகளுக்குக் கொடுத்த அனுமதியை ஆண்ட்ராய்டு 11 முதல் தானாகவே பறித்துக்கொள்ளும். அமைப்புகளில் செயலியின் அனுமதிகளுக்குப் போய் மறுபடி கொடுங்கள்.

“படம் எடுத்ததும் செயலி முதல் பக்கத்துக்குப் போய்விடுகிறது”

டேப்லெட்டில் ரேம் போதவில்லை. கேமரா திறந்ததும் இடம் போதாமல் பின்னால் இருக்கும் படிவத்தை டேப்லெட் மூடிவிடுகிறது. அதே படிவத்தை மறுபடி திறந்தால் விட்ட இடத்திலிருந்து மீட்கலாமா என்று புதிய பதிப்புகள் கேட்கும், ‘ஆம்’ கொடுங்கள். அவசரத்தில் வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள். பேட்டி தொடங்கும் முன் வாட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் மூடிவிட்டு, படம் எடுக்கும் கேள்வி வருவதற்குச் சற்று முன் ஒருமுறை சேமித்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

“தமிழ் சரியாக வரவில்லை”

மூன்று விதமான கோளாறுகள் இந்த ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன.

படிவத்தின் கேள்விகளே புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் அலுவலகத்தில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒட்டியிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் சில மேசைகளில் பழைய எழுத்துரு உயிரோடு இருக்கிறது. டேப்லெட்டில் இதற்குத் தீர்வு இல்லை. மூலத்தை யூனிகோடுக்கு மாற்றி ஏற்ற வேண்டும்.

டேப்லெட்டில் அழகாக இருந்த பெயர்கள் அலுவலகக் கணினியில் எக்செல்லில் திறந்ததும் தலையில் குறியிட்ட ரோமன் எழுத்துகளாகச் சிதைந்தால் பயப்பட வேண்டாம். தரவு பத்திரமாக இருக்கிறது. சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பதில்களைப் பிரித்து வைக்கும் வெறும் எழுத்துக் கோப்பு) இருமுறை தட்டித் திறந்ததுதான் காரணம். எக்செல்லில் வெற்றுத் தாளைத் திறந்து, ‘டேட்டா’ பகுதி வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, எழுத்துக் குறியீட்டை ‘65001 யூனிகோடு யூடிஎஃப்-8’ என்று தேர்ந்தெடுங்கள். அங்கேயே நீளமான எண்கள் உள்ள பத்தியை எழுத்து வகை என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் 12 இலக்க எண் அடுக்குக்குறியாக (1.23E+11 போல) சுருங்கித் தெரியும். அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் தொலைந்துவிடும். சிதைந்த கோப்பின் மேல் ‘சேவ்’ அழுத்தாமல் மூடுவது முக்கியம்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத பிழை. ‘கௌரி’ என்ற பெயரை ஒருவர் ஔகாரக் குறியுடன் சரியாக அடிக்கிறார். இன்னொருவர் ‘கெ’ அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘ள’ போடுகிறார். திரையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். இரண்டாம் கட்டத்தில் அந்தப் பெண்ணைத் தேடினால் கிடைக்க மாட்டார்; புதிய ஆளாகப் பதிவாவார். ஔவை, சௌந்தர்யா, மௌனிகா என்று இந்தக் கூட்டம் பெரிது. கீபோர்டில் ‘ஔ’ எங்கே இருக்கிறது என்று பயிற்சியின் முதல் நாளே காட்டிவிட வேண்டும். இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா, புள்ளி உண்டா என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். தேடுவதற்குப் பெயரை நம்பாமல் குடும்ப எண்ணை நம்புவது இன்னும் நல்லது.

குரல்வழித் தட்டச்சு நீண்ட பதில்களுக்கு உதவும். ஆனால் வீட்டுக்காரர் முன்னால் அவர் சொன்ன கடன் விவரத்தை உரக்கத் திருப்பிச் சொல்லிப் பதியாதீர்கள். பக்கத்து வீட்டார் காதில் விழும்.

“திரை தானாகத் தொட்டுக்கொள்கிறது” அல்லது “தொட்டால் அசையவில்லை”

வியர்வையும் மழைத்துளியும்தான் முதல் காரணம். பருத்தித் துணியால் திரையையும் விரலையும் துடையுங்கள். சார்ஜில் போட்டிருக்கும்போது மட்டும் இப்படி நடந்தால் மட்டமான சார்ஜரே காரணம், கழற்றியதும் நின்றுவிடும். கத்திரி வெயிலில் டேப்லெட் சூடேறித் திரை மங்கினால், சார்ஜ் ஏற மறுத்தால், அது தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். ஆப்பிள் நிறுவனம் ஐபேடுக்குச் சொல்லும் உச்ச வெப்பம் 35 டிகிரி. வேலூரில் மே மாதம் 40-ஐத் தாண்டும். உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள். ஐஸ் பெட்டியிலோ குளிர்பதனப் பெட்டியிலோ வைத்தால் உள்ளே நீர் கோத்துவிடும். பைக்கின் டேங்க் கவரில் வைத்துக்கொண்டு போவதையும் தவிருங்கள். மேலே வெயில், கீழே எஞ்சின்.

“டேப்லெட் விழுந்து திரை உடைந்துவிட்டது, உள்ளே அனுப்பாத படிவங்கள் இருக்கின்றன”

படம் தெரிந்து தொடுதல் மட்டும் வேலை செய்யவில்லையென்றால், மின்சாதனக் கடையில் கிடைக்கும் ஓடிஜி இணைப்பியை வாங்கி, கணினி மவுஸைச் செருகுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் திரையில் அம்புக்குறி தோன்றும். அதை வைத்துச் செயலியைத் திறந்து, டிராஃப்டுகளை முடித்து, எல்லாவற்றையும் அனுப்பிவிடலாம். படமே தெரியவில்லை, ஆனால் டேப்லெட் உயிரோடு இருக்கிறது என்றால், தானாக அனுப்பும் வசதி இயக்கத்தில் இருந்தால், பழக்கமான வைஃபைக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டு வையுங்கள். முடித்த படிவங்கள் தாமாகவே போய்ச் சேர வாய்ப்பு உண்டு. அதுவும் நடக்காவிட்டால், கணினியுடன் கேபிளால் இணைத்துச் செயலியின் ஃபோல்டரிலிருந்து படிவங்களை நகலெடுக்க முடியுமா என்று சர்வரைக் கவனிப்பவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு படிவமும் அங்கே தனி ஃபோல்டராக, பதில்களும் படங்களும் சேர்ந்தே இருக்கும்.

பழுதுபார்க்கும் கடைக்குக் கொடுப்பது அதற்குப் பிறகுதான். கடைக்காரர் சோதிப்பதற்காக ரீசெட் செய்வது அங்கே வழக்கம். அவர் மேல் குற்றம் இல்லை. ‘உள்ளே வேலைத் தரவு இருக்கிறது, ரீசெட் செய்ய வேண்டாம், திரையை மட்டும் மாற்றுங்கள்’ என்று ஒரு தாளில் எழுதி டேப்லெட்டின் முதுகில் ஒட்டிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் மூன்று பட்டியல்களின் எண்ணிக்கையையும் சர்வரில் உள்ள எண்ணிக்கையுடன் ஒப்பிட்டு, குறையும் குடும்ப எண்களை மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.